ஏழாம் தளத்தில் இருவருக்கு ஓர் அறை

பட்டறையில் அவரை அளவுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். சமையலறை அலமாரி செய்யும் பட்டறை அது. மரம் அறுக்க ஓர் ஆள், கதவு மாட்ட ஓர் ஆள் என்று இருக்க, வீடு வீடாகப் போய் அளவெடுத்து வருவது இவர் வேலை. முப்பத்தோரு வருடத்தில் இவர் எடுத்த அளவில் செய்த அலமாரிக் கதவு சுவரில் முட்டியது, இழுப்பறை பாதியில் நின்றது என்று ஒரு புகார் வந்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருக்கட்டும், ஒன்றுமே செய்யாதவர்களுக்கெல்லாம் இருக்கிறது.

அவருடைய தொழில் ரகசியம் ஒரு சுருள் காகித டேப். படம் வரைந்து காட்டினால் வாடிக்கையாளர்கள் எல்லாம் புரிந்ததுபோல் தலையை ஆட்டுவார்கள். அலமாரி வந்து இறங்கிய பிறகு, "இவ்வளவு பெரிசா இருக்கும்னு சொல்லவே இல்லையே" என்று சண்டைக்கு வருவார்கள். அதனால் இவர் காலி அறையின் தரையிலேயே டேப்பை ஒட்டிவிடுவார். இது அடுப்பு, இது கழுவும் தொட்டி, இது ஃப்ரிட்ஜ் கதவு திறக்கும் இடம். பிறகு அந்த வீட்டு அம்மாவையோ ஐயாவையோ கோட்டுக்குள் நிறுத்தி, இல்லாத அடுப்பில் இல்லாத பாத்திரத்தை வைத்து அரை மணி நேரம் சமைக்கச் சொல்வார். முதலில் வெட்கப்படுவார்கள். பத்து நிமிடத்தில் வெட்கம் போய், "இங்க கை இடிக்குதுங்க" என்பார்கள். டேப்பைக் கிழித்து நான்கு விரல் தள்ளி ஒட்டுவார். ஓர் இடத்தை உடம்பு பழகிக்கொண்டுவிட்டால் அப்புறம் அங்கே தப்பே வராது என்பது அவர் கட்சி.

அவர் மனைவி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியை. படிக்க வருபவர் வண்டியை ஓட்ட, பக்கத்து இருக்கையில் அந்த அம்மாள் உட்கார்ந்திருப்பார். அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. இருபத்தெட்டு வருடம் அதை மிதித்து மிதித்து, வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கும்போதுகூட அவருடைய கால் அவ்வப்போது தரையை அழுத்தும். படித்துப் போனவர்கள் வைத்த பெயர் பிரேக்கம்மா. நகரத்தில் எந்தச் சந்து எங்கே போய் முட்டும், எந்தத் திருப்பத்தில் நாய் குறுக்கே வரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. "பத்து தடவை சுத்தினா கை பழகிடும். கை பழகிட்டா மூளையை வீட்லயே வெச்சுட்டு வரலாம்" என்று பயந்து நடுங்குகிறவர்களிடம் சொல்வார். அதைச் சொல்லியே பாதி நகரத்தை வண்டி ஓட்ட வைத்துவிட்டார்.

இருவரும் ஓய்வு பெற்ற வருடம். மகளுக்குக் கல்யாணமாகி வேறு நகரத்தில் இருந்தாள். ஒருநாள் காலை காபி குடித்துக்கொண்டே பிரேக்கம்மா சொன்னார்: "நான் பிரேக் போட வேண்டாத வண்டி ஒண்ணுல போகணுங்க. ரொம்ப தூரம்."

"ரயில்ல போலாமா?"

"ரயில் நிக்கறப்பல்லாம் காலை அழுத்தறேன். கப்பல்ல போலாம். நடுக்கடல்ல எதுக்குப் பிரேக்?"

சொன்னது விளையாட்டாகத்தான். ஆனால் அளவுக்காரருக்கு ஒரு விஷயம் மண்டையில் ஏறிவிட்டால் இறங்காது. மறுநாளே இருவரும் பயண அலுவலகத்தில் போய் உட்கார்ந்தார்கள். அங்கிருந்த பெண் நல்ல மாதிரி; கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, நூற்றேழு நாள் கடலிலேயே சுற்றிவரும் பயணம் ஒன்றின் படங்களைப் பரப்பிவைத்தாள். சாதாரண அறைகள் பொந்துபோல இருந்தன. ஒன்றுதான் பிரேக்கம்மாவின் கண்ணில் பட்டது. ஏழாம் தளத்தில், படுக்கையும் சோபாவும் குளியலறையும் பால்கனியும் சேர்ந்த பெரிய அறை. கப்பல்காரர்கள் அதை சூட் என்கிறார்கள்.

"இது அடுத்த வருஷம் கிடைக்குமா?" என்று கேட்டார் அளவுக்காரர்.

"அடுத்த வருஷமும் போயிடுச்சு, அதுக்கு அடுத்ததும் போயிடுச்சுங்கய்யா. ஒரு தடவை போறவங்க கப்பல்ல இருந்துக்கிட்டே அடுத்ததுக்கும் எழுதிக் குடுத்துட்டுத்தான் இறங்கறாங்க. ரெண்டு வருஷம் அஞ்சு மாசம் கழிச்சு ஒண்ணே ஒண்ணு இருக்கு. அதுவும் யாரோ வேண்டாம்னு விட்டது."

அளவுக்காரர் தயங்கினார். பிரேக்கம்மா தயங்கவில்லை. "நம்ம வீட்டுக் குழாயைச் சரி பண்ண ஆள் வர்றதுக்கே ரெண்டு வருஷம் ஆச்சு. எழுதிக்கச் சொல்லுங்க" என்றார். ஓய்வு பெற்றபோது கையில் வந்த பணத்தில் பெரிய பங்கு அதற்கே போயிற்று. படிவத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அறையின் வரைபடம் ஒன்று வேண்டும் என்று அளவுக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்தப் பெண் சிரித்தாள்.

திரும்பி வரும் வழியில், எத்தனையோ ஆயிரம் தடவை கடந்த நாற்சந்தியில் பிரேக்கம்மா நின்றுவிட்டார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "நாம எப்படிங்க வந்தோம்?" என்றார். வெயில், களைப்பு என்று அளவுக்காரர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை இழுத்துச் சொல்வானேன். சாவியைத் தேடினார், வைத்த பாத்திரத்தைத் தேடினார், ஒருநாள் சொந்தத் தெருவையே தேடினார். ஐந்து மாதம் கழித்து டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். டாக்டர் நிதானமாகப் பேசினார்.

"மெதுவாத்தான் போகும். பழகின இடத்துல ரொம்ப நாளைக்கு நல்லாவே இருப்பாங்க. புது இடம்தான் ஆகாது. அவங்க வீடு, அவங்க சாமான், தினமும் ஒரே மாதிரி. இப்போதைக்கு இதைவிடப் பெரிய மருந்து கிடையாது."

செய்தி கேட்ட மகள் போனிலேயே அழுதாள். அழுகை நின்றதும், "கப்பலை ரத்து பண்ணிடுங்கப்பா" என்றாள்.

அளவுக்காரர் மனைவியிடம் கேட்டார். அப்போது பிரேக்கம்மாவுக்கு நல்ல தெளிவு இருந்தது. தனக்கு என்ன வரப்போகிறது என்பது தெரிந்திருந்தது. அது தெரிந்திருந்ததுதான் கொடுமை.

"ரத்து பண்ண வேண்டாங்க. எனக்கு அது ஒண்ணுதான் முன்னாடி இருக்கு. மத்ததெல்லாம் பின்னாடி போயிட்டிருக்கு." பிறகு, "ஆனா அங்க போய் இது எந்த இடம்னு தெரியாம முழிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது. நான் எங்க இருக்கேன், யாரோட இருக்கேன்னு தெரியணும். அதுக்கு ஏதாவது வழி பண்ணுங்க" என்றார்.

அளவுக்காரர் வாக்குக் கொடுத்தார். அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். புது இடம் ஆகாது என்றால், அந்தக் கப்பல் அறையைப் பழைய இடமாக்கிவிட்டால் போயிற்று. கப்பல் கிளம்ப இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. தினமும் நடந்து பழகினால் உடம்பு கற்றுக்கொள்ளும். மனைவி இருபத்தெட்டு வருடமாகச் சொன்னதும் அதைத்தானே. இதை ஒரு வார்த்தை டாக்டரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அளவு விஷயத்தில் அவர் யாரையும் கேட்டுப் பழக்கமில்லாதவர்.

வரைபடத்தில் இருந்த அளவு அவருக்குப் போதவில்லை. கட்டிலிலிருந்து குளியலறைக் கதவு எத்தனை அடி, கதவு உள்பக்கம் திறக்குமா வெளிப்பக்கமா, விளக்கு சுவிட்ச் எவ்வளவு உயரத்தில் என்று ஒரு தாள் நிறைய எழுதிப் பயண அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். அந்தப் பெண் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. ஆனாலும் கப்பல் கம்பெனிக்கு எழுதி, மூன்று வாரத்தில் எல்லாவற்றையும் வரவழைத்துக் கொடுத்தாள்.

நல்ல காலம், அவர்கள் வீட்டு ஹாலும் அதேபோல நீளவாக்கில், கோடியில் பால்கனியோடு இருந்தது. நல்ல காலம் என்று அப்போது நினைத்தார். பொல்லாத காலம் என்றுதான் சொல்லவேண்டும். ஹாலை ஒழித்துக் கட்டிலைக் கொண்டுவந்து போட்டார். சோபாவை இடம் மாற்றினார். வீட்டுக் குளியலறைக்கு ஹால் பக்கமாக, வரைபடத்தில் இருந்த இடத்தில் ஒரு வாசல் வெட்டினார். தரையெல்லாம் டேப் ஒட்டி, வரைபடத்தோடு சரிபார்த்து, பட்டறையிலிருந்த பழைய கூட்டாளிகளிடம் சொல்லி அலமாரியும் மேசையும் அதே அளவில் செய்து கொண்டுவந்தார். கப்பல் அறையில் சமையலறைக் கதவு ஏது, இன்னொரு படுக்கையறை ஏது? அந்த இரண்டு வாசலுக்கும் கைப்பிடி இல்லாத பலகைக் கதவு போட்டு, சுவரின் நிறத்தையே பூசினார். சாத்தினால் சுவர். ஓர் ஓரத்தில் அழுத்தினால் திறக்கும். அந்த ஓரம் அவருக்கு மட்டும் தெரியும். சுவரில் இருந்த கல்யாணப் படம், மகள் பட்டம் வாங்கிய படம், மணிக்கூடு, பிரேக்கம்மாவின் முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாம் அந்தப் பலகைக்குப் பின்னால் போயின. பட்டறை ஆட்கள் வந்து பார்த்து மூக்கின்மேல் விரலை வைத்தார்கள். இம்மி பிசகவில்லை என்றார்கள்.

ஒரு வருடம் ஜோராகப் போயிற்று. அதை இல்லை என்று சொல்லக் கூடாது. தினமும் காலையிலும் மாலையிலும் பயிற்சி. கட்டிலில் இருந்து எழுந்து எட்டு அடி, வலப்பக்கம் திரும்பினால் குளியலறை. கண்ணை மூடிக்கொண்டு பத்து தடவை. வாசலில் இருந்து கட்டில், கட்டிலில் இருந்து பால்கனி. வாழ்நாளெல்லாம் வாத்தியாராக இருந்த பிரேக்கம்மா மாணவியாகிவிட்டார். சரியாக வந்தால், "லைசென்ஸ் குடுங்க" என்று கையை நீட்டுவார். பால்கனியில் நின்று தெருவைக் காட்டி, "இந்தக் கடல்ல லாரியெல்லாம் வருதே, கேப்டனைக் கூப்பிடுங்க" என்பார். இருவரும் சிரிப்பார்கள். கப்பலில் பணியாள் கதவைத் தட்டி உணவு கொண்டுவருவான் என்பதால், அளவுக்காரரும் பலகையைத் தட்டிவிட்டுத் தட்டோடு உள்ளே வருவார். குனிந்து, "சாப்பாடு ரெடிங்கம்மா" என்பார். "உப்பு குறைஞ்சிருந்தா உங்களைக் கடல்ல தள்ளிடுவேன்" என்பார் பிரேக்கம்மா. நோய் வந்த வீடு என்று யாரும் சொல்ல முடியாது.

அந்தச் சமயத்தில்தான் பயண அலுவலகத்திலிருந்து நல்ல செய்தி என்று போன் வந்தது. எட்டாம் தளத்தில் இதைவிடப் பெரிய அறை ஒன்று காலியாம். கூடுதலாக எதுவும் கேட்காமல் மாற்றித் தருகிறார்களாம்.

"வேண்டாம்மா."

"ஐயா, சும்மா தர்றாங்க. குளிக்கிற தொட்டியே தனியா இருக்கு."

"குளியலறை எந்தப் பக்கம்?"

அவள் பார்த்துச் சொன்னாள். "இடப்பக்கம்."

"அப்ப வேண்டவே வேண்டாம்" என்று வைத்துவிட்டார். சும்மா கொடுத்த பெரிய அறையை வேண்டாம் என்ற ஆளை அவள் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை.

மகள் விடுமுறைக்கு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றியவள் உள்ளே வந்து அப்படியே நின்றாள். பிறந்து வளர்ந்த வீட்டில் ஒரு சாமானும் இல்லை. இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அப்பாவைப் பலகைக்குப் பின்னால், சமையலறையில் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா காலைல சுவத்தைத் தடவிக்கிட்டே இருந்தாங்கப்பா. அடுப்படியைத் தேடறாங்க."

"ஆரம்பத்துல அப்படித்தான் தேடினா. இப்ப ரொம்பக் குறைஞ்சு போச்சு."

"தேடறது குறைஞ்சா நல்லதாப்பா?"

"கப்பல்ல அடுப்படி கிடையாதும்மா. அங்க போய்த் தேடக் கூடாதில்ல?"

"கப்பல் நூத்தேழு நாள். அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் அவங்க இருக்கப்போறது எங்க?"

அளவுக்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மனைவிக்குத் தான் கொடுத்த வாக்கைப் பற்றி மகளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டார். அவள் ஊருக்குப் போகும்போது கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனாள். அவருக்கும் கோபம்தான். இப்போது நினைத்தால், அவர் கோபப்பட்டதே மகள் சொன்னதில் இருந்த உண்மை எங்கோ சுட்டதால்தான்.

கப்பல் கிளம்ப எட்டு மாதம் இருந்தது. ஒருநாள் காலையில் பிரேக்கம்மா பால்கனியில் உட்கார்ந்திருந்தார். தெருவில் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. "இன்னிக்குத் தண்ணி அமைதியா இருக்கு" என்றார். அளவுக்காரர் வழக்கம்போலச் சிரித்தார். பிரேக்கம்மா சிரிக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்குங்க கப்பல். குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா போதும்னு தோணுது. எப்போ வீட்டுக்குப் போறோம்?"

"இதுதாம்மா நம்ம வீடு."

ஆசிரியைகளுக்கே உரிய பொறுமையோடு பிரேக்கம்மா அவரைப் பார்த்தார். தப்பாக கியர் போட்டவனைப் பார்க்கும் பார்வை. "விளையாடாதீங்க" என்றார்.

"விளையாடல. எழுந்து வா, காட்டறேன்." கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் பலகையை அழுத்தித் திறந்தார். "பாரு, உன் அடுப்படி."

பிரேக்கம்மா எட்டிப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார், இருபத்தாறு வருடம் தான் துடைத்த மேடையைப் பார்த்தார். சட்டென்று பின்வாங்கினார். "இதெல்லாம் வேலையாட்கள் இடம். நாம வரக்கூடாது. வாங்க" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தார். அன்றிலிருந்து தினமும் துணிமணியை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தார்.

அளவுக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகளுக்குப் போன் செய்தார். அவள் "நான் சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை; அடுத்த ரயிலைப் பிடித்து வந்துவிட்டாள். அப்பாவும் மகளும் சேர்ந்து ஒரே பகலில் எல்லாவற்றையும் பழையபடி மாற்றினார்கள். பலகைக் கதவுகளைக் கழற்றி, அந்தப் பலகையாலேயே குளியலறைக்கு வெட்டிய வாசலை மூடினார்கள். டேப்பை நகத்தால் சுரண்டி எடுத்தார்கள். கட்டில் படுக்கையறைக்குப் போயிற்று. கல்யாணப் படம் அதே ஆணியில் ஏறியது. கண்ணாடி, மணிக்கூடு, மேசைவிரிப்பு, எதையும் விடவில்லை. எது எங்கே இருந்தது என்று மகள் மறந்த இடத்தில் அப்பா சொன்னார். அவருக்கா அளவு மறக்கும்? மாலை நான்கு மணிக்கு வீடு வீடாகிவிட்டது. பக்கத்து வீட்டில் உட்கார்த்தி வைத்திருந்த பிரேக்கம்மாவை மகள் கூட்டிவந்தாள்.

பிரேக்கம்மா வாசலைத் தாண்டி இரண்டடி வைத்தார். நின்றார். முகத்தில் இருந்த கொஞ்ச நஞ்ச தெளிவும் போய்விட்டது.

"எங்க ரூமை மாத்திட்டாங்களா?"

"அம்மா, நம்ம வீடும்மா. இதோ பாருங்க, உங்க கண்ணாடி."

"எட்டடி" என்றார் பிரேக்கம்மா. கட்டில் இருந்த இடத்திலிருந்து எட்டடி நடந்து வலப்பக்கம் திரும்பினார். இப்போது அங்கே மேசை இருந்தது. இடுப்பில் இடித்துக்கொண்டு நின்றார். கையால் மேசையைத் தடவினார், சுவரைத் தடவினார். திரும்பி வந்து மறுபடி எட்டடி நடந்தார். மூன்றாம் தடவை அழ ஆரம்பித்தார். சின்னக் குழந்தைபோல, வாயைக் கோணிக்கொண்டு அழுதார். மகளுக்கும் அழுகை வந்துவிட்டது. அளவுக்காரர் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு சுத்தமாகக் கற்றுக்கொடுத்திருந்தார்.

மூன்று நாள் பார்த்தார்கள். பழகிவிடும், பழகிவிடும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பிரேக்கம்மா சாப்பிடவில்லை, வாசற்கதவைவிட்டு நகரவில்லை. நான்காம் நாள் காலையில் அளவுக்காரர் எழுந்து, கட்டிலைத் திரும்ப ஹாலுக்கு இழுத்தார். மகள் மறுபக்கம் பிடித்துத் தூக்கினாள். மத்தியானத்துக்குள் கப்பல் அறை திரும்பி வந்துவிட்டது. பிரேக்கம்மா உள்ளே வந்து, எட்டடி நடந்து, வலப்பக்கம் திரும்பி முகம் கழுவிக்கொண்டார். வெளியே வந்து, "நம்ம ரூமைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. நல்லவங்க" என்றார். உலகத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே இடம் அதுதான். அந்த இடத்தில் இருந்துகொண்டு வீட்டைக் கேட்டார்.

மறுவாரம் அளவுக்காரர் பயண அலுவலகத்துக்குப் போனார். பதிவை ரத்து செய்யும் படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தார். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டிருந்த பெண், "அம்மாவுக்கு உடம்பு முடியலைன்னு எழுதிடவாங்கய்யா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"உடம்பு நல்லா இருக்கும்மா. அவ ஏற்கெனவே ஏறிட்டா. நான்தான் ஏத்திவிட்டேன்" என்றார். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் இன்னும் எதுவும் கேட்காமல், அந்தக் கட்டத்தில் சிறிதாக ஒரு கோடு போட்டுப் படிவத்தை வாங்கிக்கொண்டாள்.

அன்று வீட்டுக்கு வந்து, தட்டில் சாப்பாடு வைத்து எடுத்துக்கொண்டு பலகையைத் தள்ளி உள்ளே போனார். தட்டவில்லை, தட்டுகிற விளையாட்டை நிறுத்தி எத்தனையோ நாளாயிற்று. பிரேக்கம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"அங்க வெச்சிடுங்க தம்பி" என்றார்.

அளவுக்காரர் திரும்பிப் பின்னால் பார்த்தார். யாரும் இல்லை. நாற்பது வருடத்தில் அவரை என்னங்க என்றிருக்கிறார், இந்தாங்க என்றிருக்கிறார், கோபம் வந்தால் பேரைச் சொல்லாமல் "இந்த மனுஷன்" என்றிருக்கிறார். தம்பி என்றதில்லை. தட்டை மேசைமேல் வைத்தார். "என்னம்மா இது, நான்தான்" என்று சொல்லிப் பார்த்தார். கல்யாணப் படத்தைக் கொண்டுவந்து காட்டினார். பிரேக்கம்மா படத்தில் இருந்தவரைச் சரியாகக் கண்டுகொண்டார். "எங்க வீட்டுக்காரர்" என்றார், முகம் மலர்ந்து. படத்தை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். எதிரே நின்றவரிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.

சில நாள் அவர் மல்லுக்கட்டினார். நான்தான், நான்தான் என்று சொன்னால் பிரேக்கம்மாவுக்குப் பயம் வந்தது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். ஆகவே சொல்வதை விட்டார். "என்னம்மா வேணும்" என்று இருந்தது "என்ன வேணுங்கம்மா" என்றாயிற்று. நீ என்ற வார்த்தை மெல்லப் போய், நீங்க என்பது வந்தது. மகள் வார இறுதியில் வந்தபோது அப்பா அம்மாவை "எழுந்திருங்கம்மா, மருந்து சாப்பிடுங்க" என்று அழைப்பதைக் கேட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டாள். அவளைக் கண்டால் பிரேக்கம்மாவுக்குச் சந்தோஷம். பக்கத்து அறைப் பெண் என்று நினைத்துக்கொண்டார்.

கப்பல் கிளம்பும் நாள் வந்தது, போயிற்று. அளவுக்காரருக்கு அன்று அது ஞாபகம் வந்ததா என்றுகூடத் தெரியவில்லை. அன்று அவர் ஜன்னல் திரைகளைத் துவைத்தார்.

அதற்குச் சில வாரம் கழித்து ஒரு பிற்பகல். மழை பெய்து விட்டிருந்தது. பால்கனியில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் பிரேக்கம்மா உட்கார்ந்திருந்தார். அளவுக்காரர் தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வழக்கம்போலக் கதவருகே நின்றார். பிரேக்கம்மா ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டார்.

"உங்களுக்குக் குடும்பம் இருக்கா தம்பி?"

"இருக்குங்கம்மா. ஒரு பொண்ணு. சம்சாரம்."

"அவங்க எங்க இருக்காங்க?"

"கொஞ்சம் தூரத்துல இருக்காங்க" என்றார்.

"பாவம். இத்தனை நாள் விட்டுட்டு வந்து வேலை பாக்கறீங்க." பிரேக்கம்மா தெருவைப் பார்த்தார். "எங்க வீட்டுக்காரரும் வரேன்னுதான் சொன்னார். ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதிக் குடுத்தோம். எப்படியோ என்னை மட்டும் ஏத்திவிட்டுட்டார்."

"வேணும்னு பண்ணியிருக்க மாட்டாருங்கம்மா."

"சேச்சே, நல்ல மனுஷர். நான் கேட்டா இல்லைன்னு சொல்லவே மாட்டார்." இன்னும் ஒரு வாய் தேநீர் குடித்தார். "தனியா இருக்க பயமா இருக்குன்னு அவர்கிட்ட சொல்ல முடியுமா?"

"சொல்றேங்கம்மா."

"வருத்தப்படற மாதிரி சொல்லாதீங்க."

"சரிங்கம்மா."

அவர் நிற்பதை அப்போதுதான் கவனித்ததுபோலப் பிரேக்கம்மா பக்கத்து நாற்காலியைக் காட்டினார். "எவ்வளவு நேரம் நின்னுக்கிட்டே இருப்பீங்க? உக்காருங்க. யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க."

அளவுக்காரர் தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தார்.

"ஆனா அவர் வந்துட்டா எழுந்துக்கணும் தம்பி. அது அவர் இடம்."

"சரிங்கம்மா" என்று சொல்லி, நாற்காலியின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.